அணியாத தலைக்கவசத்தின் வயது

நாகபுரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்து வரும் தமிழ் நண்பர் ஒருவர் சென்ற கோடையில் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினார். கணக்கு அலுவலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். 2010-ஆம் ஆண்டில் ஸ்கூட்டர் வாங்கியபோது தமக்கு ஒன்றும் தம் மனைவிக்கு ஒன்றுமாக இரண்டு தலைக்கவசங்களை வாங்கினாராம். தம்முடையது கீறலுற்றுத் தேய்ந்து எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. மனைவிக்கென்று வாங்கியதோ, கொண்டை அழுந்துகிறது, காதில் ஒன்றும் விழவில்லை என்ற காரணங்களால் ஒரு நாளும் தலையில் ஏறாமல், துணிப்பையோடு பரணில் ஏறிவிட்டது. இப்போது மகளுக்கு நகரின் மறுகோடியில் வேலை கிடைத்திருக்கிறது. அவள் நாள்தோறும் ஸ்கூட்டரில் சென்று வர வேண்டும். "புத்தம் புதிதாக இருக்கிறதே, அதையே கொடுத்துவிடலாமல்லவா? ஒரு முறைகூட அணியாத பொருள் எப்படிப் பழையதாகும்?" என்றார்.

கணக்குத் துறையில் இருந்தவருக்கு, பயன்படாத பொருளுக்கும் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுவது உண்டு என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆயினும் அவர் வினாவை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. ஊர்விட்டு ஊர் மாற்றலாகிச் செல்லும் நம் போன்ற குடும்பங்களில் எதையும் எறிந்துவிடும் வழக்கம் கிடையாது. பாட்டி காலத்துக் குத்துவிளக்கும் ஆட்டுக்கல்லும் திருநெல்வேலியிலிருந்து கான்பூருக்கும், கான்பூரிலிருந்து கரக்பூருக்கும் சரக்கு வண்டியில் பிரயாணம் செய்திருக்கின்றன. ஆட்டுக்கல்லுக்கு வயது ஏற ஏற நயம் கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. தலைக்கவசமும் அவ்வாறானதொரு பொருள்தானா, அன்றி மருந்துப் புட்டியைப் போல நாள் குறித்து வைக்கப்பட்ட பொருளா? இதற்கு விடை காண வேண்டுமானால், தலைக்கவசம் எவ்வாறு பிறந்தது, அது உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பவற்றைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும். அதன் சரித்திரம் மிக நீண்டதன்று. நூற்றுப் பத்து ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்டதே.

மோட்டார் சைக்கிள் தோன்றிய தொடக்க காலத்தில் அதில் ஏறியவர்கள் துணித் தொப்பியோ தோல் தொப்பியோ அணிந்தனர். அவை காற்றையும் குளிரையும் தடுத்தன, தரையைத் தடுக்கவில்லை. இங்கிலாந்தில் ப்ரூக்லண்ட்ஸ் என்னுமிடத்தில் 1907-ல் அமைந்த பந்தயத் திடலில் எரிக் கார்ட்னர் என்ற மருத்துவர் இருந்தார். தலையில் அடிபட்டு வருவோரைத் தொடர்ந்து கண்டு மனம் வருந்திய அவர், கித்தான் துணியை அரக்கில் தோய்த்து இறுகச் செய்து ஒரு கவசம் செய்வித்தார். 1914-ஆம் ஆண்டு மான் தீவில் நடைபெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டுவோர் அனைவரும் அதை அணிந்தே தீர வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பந்தயம் முடிந்தபின் அத்தீவின் மருத்துவர், ஆண்டுதோறும் தமக்கு வந்துகொண்டிருந்த சுவையான மூளை அதிர்ச்சி நோயாளிகள் இவ்வாண்டு வரவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டதாக ஒரு கதை வழங்குகிறது. இடையில் ஒரு வார்த்தை: அந்நாளில் உலகச் சந்தைக்குச் சென்ற அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்து, சிறப்பாகச் சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்து சென்றதே. ராஞ்சிப் பக்கத்தில் வாழும் நேயர்கள் இதனைக் கேட்டு மகிழலாம்.

ஆனால் பந்தயத் திடலுக்கு வெளியே, சாதாரணச் சாலையில் சென்றவர்கள் இன்னும் கால் நூற்றாண்டுக் காலம் வெறுந்தலையோடுதான் சென்றனர். அந்நிலையை மாற்றியது ஒரு புகழ்பெற்ற மனிதரின் மரணம்.

1935-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் தேதி, தென் இங்கிலாந்தில் டார்செட் பகுதியில், டி. ஈ. லாரன்ஸ் தம் ப்ரஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். முதல் உலகப் போரின்போது அரபு நாட்டுப் பாலைவனத்தில் பெயர் பெற்றவர் அவர். பின்னர்ப் புகழுக்கு அஞ்சிப் பெயரை மாற்றிக்கொண்டு விமானப் படையில் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்து, 1927, 1928-ஆம் ஆண்டுகளில் அக்கால இந்தியாவின் கராச்சியிலும் வடமேற்கு எல்லையில் மீரன்ஷாவிலும் காலம் கழித்தவர். அன்று, மிதிவண்டியில் சென்ற இரண்டு சிறுவர்களைத் தவிர்க்க முயன்று நிலை தவறி வீழ்ந்தார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து, தம் 46-ஆம் வயதில் உயிர் நீத்தார்.

அவரைக் காப்பாற்ற அழைக்கப்பட்ட மருத்துவர்களுள் ஹியூ கெய்ர்ன்ஸ் என்பவர் ஒருவர். ஆஸ்திரேலியாவில் பிறந்து இங்கிலாந்தில் மூளை அறுவைச் சிகிச்சையில் பெயர் பெற்றவர். தம் கண்முன் நேர்ந்த அந்தச் சாவு அவர் மனத்தை விட்டு அகலவில்லை. இரண்டாம் உலகப் போர் மூண்டதும், இருட்டடிப்புச் செய்யப்பட்ட சாலைகளில் இராணுவச் செய்திகளைத் தாங்கி மோட்டார் சைக்கிளில் விரைந்த இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக அவரிடம் வந்து சேர்ந்தனர். 1941-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் மோட்டார் சைக்கிளில் சென்றோரும் பின்னால் அமர்ந்தோருமாக 2,279 பேர் சாலை விபத்தில் மாண்டனர் என்றும், மாண்டவர்களில் மூன்றில் இரு பங்கினர் தலையில் அடிபட்டே இறந்திருக்க வேண்டும் என்றும் அதில் எடுத்துக் காட்டினார். கவசம் அணிந்திருந்து விபத்துக்கு உள்ளானவர்கள் அவர் பார்வைக்கு ஏழே பேர்தான் வந்தனர். ஏழு பேரும் பிழைத்தனர்.

ஏழு என்பது சிறு தொகை. அதனை வைத்து ஒரு முடிவைக் கட்டலாமா என்று கணக்கறிந்தவர் கேட்பர். கெய்ர்ன்ஸும் அதை அறிந்தேயிருந்தார். ஆயினும் இராணுவத்தார் காத்திராமல், அதே ஆண்டு நவம்பரில், பணி நிமித்தம் மோட்டார் சைக்கிள் ஓட்டும் படைவீரர் அனைவரும் கவசம் அணிய வேண்டும் என்று ஆணையிட்டனர். அதன்பின் கெய்ர்ன்ஸ் மேலும் ஆராய்ந்தார். ஹோல்போர்ன் என்ற பௌதிக அறிஞர் அவருக்குத் துணை நின்றார். மரக்கூழால் ஆனதும் இரப்பரால் ஆனதுமாகிய கவசங்கள், விபத்தில் அடிபட்டவை, அவர்களிடம் வந்து குவிந்தன. எங்கே பள்ளம் விழுந்தது, எங்கே பிளந்தது, அதை அணிந்திருந்தவன் எத்தனை மணி நேரம் நினைவிழந்திருந்தான் என்று ஒவ்வொன்றையும் குறித்துவைத்தனர். உடைந்த கவசத்தை வெட்கத்துக்குரிய பொருளாக எண்ணாமல் சாட்சிப் பொருளாக எண்ணியது அவர்களுடைய பெருமை. 1943-லும் 1946-லும் வெளிவந்த கட்டுரைகள் இவற்றின் பயனே.

இங்கே நாம் சற்று நின்று, கவசம் செய்யும் வேலை யாது என்பதைப் பார்க்க வேண்டும். பலர் அதனைக் கேடயம் போல, உறுதியாக இருந்தால் போதும் என்று நினைக்கின்றனர். அது பாதி உண்மை. மூளையைக் கெடுப்பது அடியின் கூர்மை மட்டுமன்று, திடீரென்று நிற்பதும் ஆகும். ஒருவரது தலை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையில் வீழ்கிறது என்று கொள்வோம். தரையை அடையும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஓடாமல் நின்றுகொண்டிருந்த ஸ்கூட்டரிலிருந்து சாய்ந்தாலும் ஏறக்குறைய இந்த வேகம் உண்டு என்பதை நினைவில் கொள்க. அந்த வேகம் கால் சென்டிமீட்டருக்குள் அடங்க நேர்ந்தால், தலை தாங்க வேண்டிய விசை சராசரியாக அதன் எடையைப் போல 600 மடங்கு. அதே வேகம் இரண்டரை சென்டிமீட்டரில் அடங்கினால் 60 மடங்குதான். வேறுபாடு அந்த இரண்டேகால் சென்டிமீட்டரில் இருக்கிறது. கவசத்தின் ஓடு கூரிய கல்லையும் சாலையின் உராய்வையும் தடுக்கிறது. ஓட்டுக்குள் இருக்கும் மெத்தைதான் தலையை மெல்ல நிற்கச் செய்கிறது.

அந்த மெத்தைக்கு எது தக்க பொருள் என்பது நெடுநாள் தெரியாமலே இருந்தது. தக்கை, தோல் பட்டை, நாடா வலை எல்லாம் முயன்று பார்க்கப்பட்டன. அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த சார்லஸ் லொம்பார்டும் ஹெர்மன் ரோத்தும் 1953-ஆம் ஆண்டில் ஒரு காப்புரிமை பெற்றனர். அடி விழுந்தால் நசுங்கி, நசுங்கிய நிலையிலேயே தங்கிவிடும் பொருளே ஏற்றது என்பது அவர்கள் கண்ட கருத்து. மீண்டும் எழும்பும் பொருள் உகந்ததன்று. எழும்பும்போது தலையைத் திருப்பி உதைக்கும். ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியில் பாலிஸ்டைரீன் மணிகளை நீராவியில் பொரித்து ஒட்டவைக்கும் முறையும் கண்டுபிடிக்கப்பட்டது. அதனை நாம் அனைவரும் அறிவோம். தொலைக்காட்சிப் பெட்டியைப் பொதிந்து வரும், பள்ளிப் பிள்ளைகள் பொம்மை வீடு செய்யும் தெர்மோகோல்தான் அது. கவசத்துக்குள் இருப்பது அதன் அடர்ந்த வகை. பெரும்பகுதி காற்று, ஆனால் நசுங்கும் அந்த ஒரு கணத்தில் அது ஓர் உயிரின் விலை பெறும்.

ஒரு முறை நசுங்கியது மறுமுறை உதவாது. மேலோடு பளபளப்பாகவே இருக்கலாம். உள்ளே மெத்தையின் ஒரு பக்கம் செத்திருக்கும். ஆதலின் விபத்துக்கு உள்ளான கவசத்தை அணியலாகாது என்பதில் ஐயமே இல்லை. நண்பரின் கவசத்துக்கு அந்தக் குறை இல்லை. அது பரணைத் தவிர வேறெதனையும் கண்டதில்லை.

கவசம் நம்பத் தக்கதா என்பதைப் பார்வையால் அறிய முடியாது என்பதற்கு மற்றுமொரு சான்று உண்டு. பீட் ஸ்னெல் என்ற அமெரிக்கப் பந்தய வீரர் 1956-ல் கார்ப் பந்தயத்தில் இறந்தார். அவர் கவசம் அணிந்தேயிருந்தார். அது அந்நாளில் நல்லதெனக் கருதப்பட்டதுதான். ஆயினும் காக்கவில்லை. அவருடைய நண்பரான மருத்துவர் ஜார்ஜ் ஸ்னைவ்லி, கடையில் விற்ற கவசங்களை வாங்கி ஒரே முறையில் இடித்துப் பார்த்தார். பல தேறவில்லை. 1957-ல் நண்பர்கள் ஸ்னெல்லின் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவினர்; இன்றும் அது கவசங்களைச் சோதித்து வருகிறது. விற்கப்படுவதற்கு முன் கவசத்தை இடித்துப் பார்த்தே தர வேண்டும் என்னும் கொள்கை அங்கிருந்து வேரூன்றியது. சட்டங்கள் மெல்லப் பின்தொடர்ந்தன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1961-லும், பிரிட்டனில் 1973-லும் கவசம் கட்டாயமாயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றித் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளைச் செய்யத் தொடங்கியது. முதலில் இராணுவத்துக்கும் காவல் துறைக்கும் சென்ற அந்த வண்டி பின்னர்க் குடும்பங்களுக்கும் வந்தது. அறுபதுகளில் மைசூரிலிருந்து ஜாவாவும், பூனாவிலிருந்து ஸ்கூட்டரும் வந்தன. கணவன், மனைவி, முன்னால் நிற்கும் பிள்ளை என்று ஒரு குடும்பமே ஒரே வண்டியில் செல்லும் காட்சி நம் நகரங்களின் அடையாளமாயிற்று. தலைக்கவசமோ காவலருக்குரிய அணியாகவே நெடுநாள் கருதப்பட்டது. இந்தியத் தர நிறுவனம் அதற்கென ஐ.எஸ். 4151 என்னும் தரவிதியை வகுத்து, பின்னர்ப் பல முறை திருத்தியது. அதன் திருத்தங்களில் 1993-ஆம் ஆண்டையும் 2015-ஆம் ஆண்டையும் சேர்ந்தவை இங்கே நமக்கு வேண்டுவன.

சட்டத்தின் வழி வேறு. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 1977-ல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி ஆந்திரப் பிரதேச அரசு வகுத்த விதியை எதிர்த்து ஒருவர் உச்ச நீதிமன்றம் சென்றார். விரும்பியபடி நடமாடும் தம் சுதந்திரத்தை அது பறிக்கிறது என்பது வாதம். 1988-ல் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. அதே ஆண்டில் இயற்றப்பட்டு 1989 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 129-ஆம் பிரிவு, தலைப்பாகை அணியும் சீக்கியரை விலக்கி, ஏனையோர் இந்தியத் தரவிதிக்கு உட்பட்ட கவசம் அணிய வேண்டும் என்று நாடு முழுமைக்கும் கூறியது. கூறியதற்கும் நடந்ததற்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்தன. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைக்குப் பின் 2015 ஜூலை முதல்தான் அது முனைப்பாக நடைமுறைக்கு வந்தது. நம்மில் பலர், தில்லியில் கவசத்தோடு ஓட்டி, விடுமுறைக்கு ஊர் சென்றதும் அதைக் கழற்றி மாட்டிய காலம் நினைவிருக்கும். அதைவிட வியப்பு, தரமற்ற கவசத்தை அணிவது குற்றம், விற்பது குற்றமன்று என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. 2020-ல் பிறந்த ஆணை ஒன்று 2021 ஜூன் முதல் நாளிலிருந்து அதை மாற்றியது. அன்று முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெறாத இருசக்கர வண்டிக் கவசத்தைச் செய்வதும் விற்பதும் சட்டத்துக்கு மாறானவை.

இதற்குள் இழந்த உயிர்களின் தொகை சிறிதன்று. 2022-ஆம் ஆண்டில் மட்டும் கவசமின்றிச் சென்று விபத்தில் இறந்தோர் 50,029 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். கொண்டை அழுந்துகிறது என்று கவசத்தைப் பரணில் ஏற்றிய இல்லத்தரசிகள் இந்த எண்ணைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம். அவர்களைப் பின்னால் ஏற்றிச் சென்ற கணவன்மாரும் எண்ணிப் பார்க்கலாம்.

இனிப் பரணுக்கு வருவோம். நண்பரது வினாவுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் விடை சுருக்கமானது: வாங்கி 5 ஆண்டு ஆயிற்றென்றால் மாற்றிவிடுக. வேறு சிலர், வாங்கியதிலிருந்து 5 ஆண்டு, தயாரானதிலிருந்து 7 ஆண்டு, இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை என்பர். ஸ்னெல் அறக்கட்டளையும் 5 ஆண்டு என்றே பரிந்துரைக்கிறது. ஆனால் அவர்கள் கூறும் காரணங்களைப் படித்தால், அந்த ஐந்து என்பது துலாக்கோலில் நிறுத்துக் கண்ட எண் அன்று என்பது விளங்கும். தலையின் எண்ணெய், வியர்வை, வாசனைப் பூச்சுகள், அன்றாடத் தேய்வு ஆகியவை மெத்தையையும் பசையையும் கெடுக்கலாம் என்பது ஒன்று. ஐந்து ஆண்டுகளில் கவசக் கலையே முன்னேறி, புதியது மேலானதாக இருக்கும் என்பது மற்றொன்று. முதற்காரணம் பெரும்பாலும் அணிந்த கவசத்துக்குப் பொருந்துவது. பரணில் கிடந்ததற்கு எண்ணெய் ஏது, வியர்வை ஏது? விற்பவர் தாமே விரைவில் மாற்றுக என்று சொல்லும்போது வாங்குபவருக்கு ஐயம் எழுவதும் இயல்பே.

அந்த ஐயத்தைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர், மக்கள் பயன்படுத்திய 675 மிதிவண்டிக் கவசங்களைத் திரட்டி இடித்துப் பார்த்து, 2017-ல் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் 26 ஆண்டு வயதானதும் உண்டு. விபத்தில் நசுங்காத வரையில், அந்த வெள்ளை மெத்தையின் ஆற்றலை வயது மிகச் சிறிதே குறைத்திருந்தது. மிதிவண்டிக் கவசம் வேறு, மோட்டார் சைக்கிள் கவசம் வேறு. குளிர்நாட்டுச் சேமிப்பறை வேறு, நாகபுரிப் பரண் வேறு. எனினும் மெத்தையின் பொருள் ஒன்றே. ஆகவே, ஐந்தாம் ஆண்டு நிறைந்த மறுநாள் கவசம் செத்துவிடுகிறது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது மக்களை அச்சுறுத்துவதே. அச்சுறுத்தப்பட்ட ஏழை புதியதும் வாங்காமல், பழையதையும் எறிந்துவிட்டு, வெறுந்தலையோடு சென்றால் அது எல்லாவற்றிலும் கேடு.

ஆனால் கவசம் என்பது மெத்தை மட்டுமன்று என்பதைத்தான் நண்பர் மறந்தார். ஓட்டையும் மெத்தையையும் பிணைக்கும் பசை உண்டு. தலைக்கு இதமாக இருக்கும் பஞ்சு நுரை உண்டு. தாடை வார் உண்டு. வாரை ஓட்டோடு இணைக்கும் ஆணி உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஆயுள். இதம் தரும் பஞ்சு நுரை பெரும்பாலும் பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்தது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால், யாரும் தொடாமலே அது சில ஆண்டுகளில் பொடியாகும். பம்பாயிலும் கல்கத்தாவிலும் பழைய பயணப் பெட்டிகளைத் திறந்தவர்கள் அந்த மாவைக் கண்டிருப்பர். நுரை உதிர்ந்தால் கவசம் தலையில் தளர்ந்துவிடும். தளர்ந்த கவசம் வீழும்போது தலையை முந்திக்கொண்டு ஓடிவிடும். ஆணி துருப்பிடித்தாலும் முடிவு அதுவே.

ஓடும் அழியாப் பொருளன்று. விலை குறைந்த கவசங்களின் ஓடு ஒருவகைப் பிளாஸ்டிக். நெடுநாள் வெயில் பட்டால் நொறுங்கும் தன்மை அடையும். பாலிகார்பனேட் ஓடாயின், சாயமோ பெட்ரோலோ தடவித் துடைத்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் தோன்றும். மெத்தையோ பெட்ரோல் பட்டால் கரைந்தே போகும். தெர்மோகோலில் தவறான பசையைத் தடவிய பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். ஆதலின் பரணில் கவசத்துக்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்பதும் ஒரு கேள்வி. வீட்டுக்கு வெள்ளையடித்தபின் மிஞ்சிய சாய டின்களையும் டர்பன்டைன் புட்டியையும் நாம் வைக்கும் இடமும் பரண்தானே? எறும்புகள் தெர்மோகோலைக் குடைந்து வளை அமைக்கும், எலிகள் கொறிக்கும். இவை எவற்றையும் கவசத்தின் மேற்பளபளப்பு காட்டிக்கொடுப்பதில்லை.

இவற்றுக்கெல்லாம் முந்தியது ஒன்றுண்டு. அது பிறந்தபோதேனும் நல்ல கவசமாக இருந்ததா என்பது. 2010-ல் சாலையோரக் கடைகளில் விற்றவற்றுள் முத்திரையில்லாதவையும் போலி முத்திரை கொண்டவையும் நிறைய. உள்ளே மெத்தைக்குப் பதிலாக மெல்லிய நுரைத் தகடு மட்டும் ஒட்டியவையும் உண்டு. அத்தகையதற்கு வயதே பொருட்டன்று. அன்றும் அது தொப்பிதான், இன்றும் தொப்பிதான். முத்திரை உண்மையானதாயினும், 2010-ல் செய்தது 1993-ஆம் ஆண்டுத் தரவிதியின் காலத்தது. அந்த விதி 2015-ல் திருத்தப்பட்டுவிட்டது. நண்பரின் கவசம் பரணில் தூங்கிய காலத்தில் உலகம் தூங்கவில்லை.

இவ்வளவையும் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நண்பரும் நானும் அக்கவசத்தை இறக்கினோம். துணிப்பையை அவிழ்த்ததும் அவர் முகத்தில் வெற்றிக் களிப்பு. ஓடு கண்ணாடி போல மின்னியது. உள் துணியைச் சற்றே விலக்கினேன். மஞ்சள் நிறப் பொடி அவர் வேட்டியில் உதிர்ந்தது. வெள்ளை மெத்தை மட்டும் திடமாகவே இருந்தது. கட்டைவிரலால் அழுத்தியபோது குழியவில்லை. ஆனால் ஒரு பக்கம் ஓட்டை விட்டு விலகி ஆடியது. வாரைக் கையில் சுற்றி இருவரும் இழுத்தோம்; வார் தாங்கியது, ஆணியைச் சுற்றித் துருக் கறை. மகளை அழைத்து அணியச் சொன்னோம். தாயின் அளவுக்கு வாங்கியது அவளுக்குப் பெரிது. தலையை அசைத்தால் கவசம் அசையாமலும், கவசத்தை அசைத்தால் தலை அசையாமலும் இருந்தது. "அப்பா, இது எனக்கு வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே கழற்றினாள்.

அன்று மாலையே புதியது வாங்கச் சென்றோம். கடைக்காரர் பெட்டியோடு ஒன்றை எடுத்து வைத்தார், உறையும் பிரிக்கப்படவில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது, அளவும் பொருந்தியது. நண்பர் பணத்தை எடுத்துவிட்டார். மகள் மட்டும் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உள்ளே ஒட்டியிருந்த சிறு சீட்டில் மாதத்தையும் ஆண்டையும் உரக்கப் படித்தாள். நான்கு ஆண்டுகளுக்கு முந்திய தேதி. கடைக்காரரின் பரணிலும் ஒன்று இருந்திருக்கிறது. அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, வேறொரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதில் இருந்தது அதே ஆண்டின் பிப்ரவரி மாதம்.